நதீம் உள்ளே இருக்கிறான்

வெண்மதி லேபுக்குள் வந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரிடம் ‘யார்?’ என்று கேட்பாள். வாயால் அல்ல. ஆங்கிலத்தில் யார் என்பதற்கு மூன்று எழுத்து இருக்கிறதே, அதைக் கறுப்புத் திரையில் தட்டுவாள். உடனே வரிசையாகப் பெயர்கள் வந்து நிற்கும். இன்னார் உள்ளே இருக்கிறார், இத்தனை மணிக்கு வந்தார், இந்த எண்ணிலிருந்து வந்தார். அதைப் பார்த்து முடிக்காமல் டீயைத் தொடமாட்டாள். அதியமான்கோட்டையில் அவள் அப்பா கிருஷ்ணப்பன் காலையில் எழுந்ததும் கட்டுத்தறிக்குப் போய் மாடுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவாராம். “அதே பழக்கந்தாங்க்கா எனக்கும்” என்பாள்.

நான் குள்ளம்மாள். தருமபுரிக்கு வெளியே இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில் எழுத்தர். ஆபீசில் இடம் பத்தவில்லை என்று என் மேசையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் லேபின் மூலையில் போட்டுவிட்டார்கள். எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏழாம் பொருத்தம். பொம்மிடியிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கும்போதே பாதி உயிர் போயிருக்கும், அதற்கு மேல் இந்த ஏசியில் விறைத்துக்கொண்டு உட்கார வேண்டும். வந்த புதிதில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். வெண்மதி ஒருத்திதான் திருப்பிப் பேசாமல் ஏசியின் வாய்க்கு ஒரு அட்டையை வைத்துக் கட்டினாள். அன்றிலிருந்து அவளைத் திட்ட எனக்கு மனசு வருவதில்லை. வந்தாலும் அதிக நேரம் நிற்பதில்லை.

லேபில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் உண்டு. சர்வர் என்பார்கள். அதைப் பார்த்துக்கொள்வதுதான் வெண்மதியின் வேலை. பையன்களும் பொண்ணுகளும் வீட்டில் உட்கார்ந்தபடியே பாஸ்வேர்டு போட்டு அதற்குள் வந்து வேலை செய்வார்கள். ஒரே நேரத்தில் ஐம்பது பேர்கூட உள்ளே இருப்பார்கள். “ஏன்டி, ஒரே வூட்டுல அம்பது பேரு அடுப்பு மூட்டுனா ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சுக்க மாட்டாங்களா?” என்று கேட்டேன். “அவங்கவங்களுக்கு ஒரு ரூம் இருக்குதுங்க்கா. ஒருத்தரு ரூமை இன்னொருத்தரு எட்டிப் பாக்க முடியாது. யாரு எந்த வாசல்ல வந்தாங்கன்னு மட்டும் எனக்குத் தெரியும்” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கென்னவோ அன்றைக்கே உடம்பு சிலிர்த்தது.

வெண்மதி படித்ததெல்லாம் தருமபுரியிலேயே. அப்புறம் இரண்டு வருஷம் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே அவள் தங்கியிருந்த ஹாஸ்டல் விலாசத்தை யாரோ ஒரு தோழி, வந்து கேட்டவர்களைச் சொந்தக்காரர்தானே என்று நம்பிக் கொடுத்துவிட்டாள். ஒரு நாள் வாசலில் இரண்டு மாமன்களும் ஒரு மாப்பிள்ளையும் வந்து நின்றுவிட்டார்கள். தெருவே வேடிக்கை பார்த்ததாம். அந்த மாப்பிள்ளையை இவள் கட்டவில்லை. பிறகு அப்பாவுக்குக் கால் முறிந்ததால் அவளாகவே ஊருக்குத் திரும்பி வந்துவிட்டாள். ஆனால் அந்த வாசலை மறக்கவில்லை. “அட்ரஸ் கேட்டு யாரு வந்தாலும், அந்த ஆளைக் கேக்காம குடுக்கக் கூடாதுங்க்கா” என்று ஒருமுறை சொன்னாள். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் ஜுபைதா வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருக்கிற முனாப் பாயின் மனைவி. அவர்கள் மகன் நதீம் எங்கள் கல்லூரியில் கடைசி வருஷம். கடையில் வேலைக்காரர்கள் முன்னால் முனாப் பாய் அவனை அறைந்துவிட்டார். மெத்தை தைக்க வரமாட்டேன், கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் போவேன் என்று சொன்னானாம், அதற்கு. “இனிமே என் மூஞ்சில முழிக்காத” என்றும் சொல்லியிருக்கிறார். அவனும் முழிக்கவில்லை. போனை அணைத்துவிட்டுக் கிளம்பியவன்தான். போலீசில், பையனுக்கு இருபத்தொன்று ஆகிறது, அவனாகத்தானே போயிருக்கிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாமல் அந்தம்மா மாதக்கணக்கில் சோறு தண்ணி இல்லாமல் கிடந்திருக்கிறார். அன்று வந்தது அவன் சாமான் ஏதாவது லேபில் கிடந்தால் வாங்கிப் போகலாம் என்று. ஒரு நோட்டோ சட்டையோ கிடைத்தால் போதும் என்றார்.

வெண்மதி அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். “பேரு என்னங்கம்மா?” என்று கேட்டாள். ஜுபைதா சொல்லி முடித்ததும் இவள் முகம் மாறிவிட்டது. திரையில் அந்தப் பெயரைத் தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருக்கிறவள் இவள். காணாமல் போனவன் என்று யாரும் இவளுக்குச் சொல்லவில்லை. மூன்று எழுத்தைத் தட்டினாள். பெயர்கள் வந்தன.

“அம்மா, நதீம் உள்ள இருக்கான்.”

“எங்கேம்மா?” என்று ஜுபைதா எழுந்து கதவைப் பார்த்தார்.

வெண்மதி திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒரே ஒரு வரி. நதீமின் பெயர், அன்று காலை மணி, பக்கத்தில் ஒரு நீளமான எண். “இப்ப, இந்த நிமிஷம், எங்கயோ ஒரு இடத்துல உக்காந்து வேலை செஞ்சுக்கிட்டு இருக்கான். பரீட்சைக்குக் குடுக்கற புராஜெக்ட்டா இருக்கும், விடாம செய்யறான்” என்றாள்.

ஜுபைதா அந்த வரியை விரலால் தொட்டார். “யா அல்லா, என் புள்ளை இருக்கானா” என்று சொல்லிக்கொண்டே தடவினார். திரைக் கண்ணாடியை யாராவது தொட்டால் சீறுகிற வெண்மதி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் பேர் தெரியாத ஒரு மூலையில் ஒரு பையன் எழுத்தைத் தட்டுகிறான், அவன் இருக்கிறான் என்று ஒரு இரும்புப் பெட்டி அவன் அம்மாவுக்குச் சொல்கிறது. என்ன அதிசயமடா சாமி! பத்து வருஷமாகக் கம்ப்யூட்டரைக் கரித்துக்கொட்டிய நான் அன்று அதைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பொய் இல்லை, நிஜமாகவே கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஜுபைதா தினமும் வந்தார். வந்து, சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வரியைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் முனாப் பாயும் கூட வந்து பின்னால் நின்றார். பேசவே இல்லை. ஆனால் யாரும் கவனிக்காதபோது திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டார். அந்த எண்ணைக் கொண்டுபோய் மொபைல் கடையில் காட்டியிருக்கிறார். அவர்கள் எதையோ தட்டிப் பார்த்து, பெங்களூர் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் ஜில்லாவில் வீட்டை விட்டுப் போகிறவன் வேறு எங்கே போவான்? வேலைக்குப் போகிறவன் பெங்களூர், கோபித்துக்கொண்டு போகிறவன் பெங்களூர், காதலித்து ஓடுகிறவர்களும் பெங்களூர். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. முனாப் பாய் கடையைப் பூட்டிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் வெண்மதி தலையில் கை வைத்துக்கொண்டாள். “அது அவன் இருக்கற இடம் இல்லைங்க்கா. அவனுக்கு நெட்டு குடுக்கற கம்பெனியோட வாசல். இங்க பாதிப் பேரோட நம்பர் பெங்களூருன்னுதான் காட்டும். உங்க வூட்டு நம்பரைப் போட்டாக்கூட அப்படித்தான்.” முனாப் பாய்க்குப் போன் போட்டுச் சொல்லவும் செய்தாள். “எங்க புள்ளைங்க அங்கதானம்மா போவுதுங்க” என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். சிவாஜி நகர், மெஜஸ்டிக், மசூதி மசூதியாக, மேன்ஷன் மேன்ஷனாக மகனின் போட்டோவைக் காட்டி அலைந்திருக்கிறார். திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டிப் போயிருந்தது. செருப்பு வார் அறுந்து, கயிற்றால் கட்டியிருந்தார். அறைந்த மனுஷன்தான், எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக இருந்ததுதான். அந்தக் கயிற்றைப் பார்த்ததும் அது எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அப்புறம்தான் அந்தப் பிற்பகல் வந்தது. நான் மேசையில் எதையோ சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது பொம்மிடியிலிருந்து என் மகள் போன் செய்தாள்.

“அம்மா, ஸ்டேஷன் பக்கத்து டிரான்ஸ்பார்மர் டமார்னு வெடிச்சிருச்சும்மா! கிரைண்டர்ல மாவு பாதியில நிக்குது!”

“அய்யோ, என் உளுந்து போச்சே!” என்று நான் கத்தினேன். போனை வைத்த பிறகும் விடவில்லை. கரண்ட்காரன், கிரைண்டர், உளுந்து விற்ற செட்டியார் என்று எல்லோரையும் ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, ஒரு நிமிஷம் சும்மா இருங்க.”

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று என்னைச் சும்மா இருக்க வைத்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நதீம் போயிட்டான்” என்றாள். “எப்பவும் அவனா முடிச்சுட்டுப் போவான். இப்ப அறுந்து போயிருக்குது. எதிர்ப்பக்கம் செத்துப் போனா கொஞ்ச நேரத்துல இந்தப் பக்கமும் அறுக்கற மாதிரி நான்தான் வச்சிருக்கேன்.” பிறகு மெதுவாக என்னைப் பார்த்தாள். “கரண்ட் வந்தா உங்க பொண்ணை உடனே போன் பண்ணச் சொல்லுங்க.”

நாங்கள் வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்துக்குப் போன் வந்தது. கரண்ட் வந்துவிட்டதாம். வெண்மதி மூன்று எழுத்தைத் தட்டினாள். இல்லை. மறுபடி தட்டினாள். இல்லை. அடுத்த முறை தட்டியபோது வரி வந்து நின்றது. நதீம் உள்ளே இருந்தான்.

“போன மாசம் ஒரு நாள் பூரா கரண்ட் இல்லைன்னு திட்டிக்கிட்டே வந்தீங்களே, அது என்னிக்குங்க்கா?”

“மாரியாத்தா கோயில்ல கூழு ஊத்துன வெள்ளிக்கிழமைடி. பராமரிப்பாம், பெரிய பராமரிப்பு.”

இந்த முறை ஆங்கிலத்தில் ‘கடைசி’ என்பதற்கான நான்கு எழுத்தைத் தட்டினாள். பழைய வருகைகள் எல்லாம் மளமளவென்று ஓடின. அந்த வெள்ளிக்கிழமையில் நிறுத்தினாள். காலையில் எங்கள் ஊரில் கரண்ட் போன நேரத்தில் நதீம் அறுந்திருந்தான். சாயங்காலம் வரை ஆளே இல்லை.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பெங்களூரும் இல்லை, மண்ணும் இல்லை. பையன் பொம்மிடியில் இருக்கிறான்! எங்கள் ஊரில், ஸ்டேஷன் பக்கத்தில், என் வீட்டு மாவு நின்ற அதே டிரான்ஸ்பார்மருக்குக் கீழே. நான் தினமும் பஸ்ஸுக்குப் போகிற தெருவில் ஏதோ ஒரு ஜன்னலுக்குப் பின்னால். அந்த எண் சொல்லாததை என் உளுந்து சொல்லிவிட்டது. அதைக் கேட்கத் தெரிந்த ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

“போன் போடுடி அந்தம்மாவுக்கு!” என்றேன்.

“போடப் போறதில்லைங்க்கா.”

“உனக்குப் பைத்தியமா? செருப்பு அறுந்து வந்து நின்னாரே ஒரு மனுஷன், பாத்தியா இல்லியா?”

“பாத்தேன். இப்பச் சொன்னா அவரு நாளைக்கே போயி நாலு பேரைக் கூட்டிக்கிட்டு அவன் வாசல்ல நிப்பாரு. அப்புறம் அவன் நிஜமாவே பெங்களூருக்குப் போயிடுவான். நீங்களும் எந்த ஜன்னலையும் எட்டிப் பாக்கக் கூடாது. எம்மேல சத்தியம் பண்ணுங்க.”

சத்தியம் பண்ணினேன். மனசில்லாமல்தான் பண்ணினேன். மறுநாள் அந்தத் தெருவில் நடக்கும்போது தலையை நிமிர்த்தாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று ஜுபைதா வந்து உட்கார்ந்ததும் வெண்மதி அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அம்மா, அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். அவனைக் கேக்காம நான் சொல்ல மாட்டேன். என்னை மன்னிச்சுக்கங்க.”

அந்தம்மா கத்துவார், காலில் விழுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அவள் சட்டையைப் பிடித்திருப்பேன். ஜுபைதா தன் கைகளைப் பார்த்தபடி கேட்டார்.

“ரொம்பத் தூரமா கண்ணு?”

“இல்லைங்கம்மா. நீங்க வடிச்ச சோறு ஆறிப் போறதுக்குள்ள போயிடலாம்.”

“போதும்” என்றார். அதற்கு மேல் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. எப்பேர்ப்பட்ட மனுஷி! பெற்ற வயிறு அந்த ஒரு சொல்லோடு எப்படி அடங்கியது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

“உள்ள இருக்கறவங்களுக்கு இங்கிருந்தே ஒரு வரி எழுதலாம்மா. அவன் திரையில போயி நிக்கும்” என்றாள் வெண்மதி. “ஆனா பயந்துட்டான்னா இந்தப் பக்கமே வர மாட்டான். அப்புறம் நீங்க தினமும் பாக்கற இந்த வரியும் இருக்காது. எழுதட்டுமா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்.”

ஜுபைதா அந்த வரியை ஒரு முறை பார்த்தார். “எழுது கண்ணு.”

நதீம் தன் அம்மாவை ‘அம்மி’ என்றுதான் கூப்பிடுவானாம், அதையே போட்டு வெண்மதி எழுதினாள்: ‘நதீம், நான் லேப் வெண்மதி. உன் அம்மி என் பக்கத்துல உக்காந்திருக்காங்க. நீ எங்க இருக்கேன்னு யாருக்கும் நான் சொல்லல.’

ஒன்றும் வரவில்லை. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு, யாரும் தொடாமலே, எங்கள் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன.

‘அம்மி சாப்பிட்டாங்களா?’

ஜுபைதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் என் மேசைக்குப் போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். முடியவில்லை, மறுபடி எழுந்து வந்துவிட்டேன்.

“சாப்ட்டேன்னு சொல்லு. அப்பா சாப்புடறதில்லைன்னு சொல்லு. உன்னைத் தேடி அப்பா பெங்களூர்ல ஒவ்வொரு மசூதியா நடந்தாரு, செருப்பு அறுந்து போச்சு, கயிறு கட்டிக்கிட்டு வந்தாருன்னு சொல்லு.”

அப்படியே எழுதினாள். வெகு நேரம் கழித்து இரண்டே சொல் வந்தது.

‘அப்பாவா போனாரு?’

“ஆமான்னு போடு, ஆமான்னு போடு” என்று நான்தான் அவசரப்பட்டேன். போட்டாள். போட்ட உடனே நதீமின் வரி மறைந்துவிட்டது. இந்த முறை அறுந்து போகவில்லை. அவனாகவே முடித்துக்கொண்டு போயிருந்தான்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. ஜுபைதா வந்து, “இன்னிக்கு?” என்று கேட்பார். வெண்மதி தலையை ஆட்டுவாள். அவர் போன பிறகு நான் பிடித்துக்கொள்வேன். “சட்டம் பேசுனியே, இப்ப என்னாச்சு? அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா புள்ளை இந்நேரம் வூட்டுல இருப்பான்!” அவள் டீ ஆறி ஆடை படிந்து கிடக்கும். பொம்மிடியில் கரண்ட் இருக்கிறதா என்று மட்டும் தினமும் ஒரு முறை கேட்பாள். இருந்தது. கரண்ட் இருந்தது, பையன்தான் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை. வெண்மதி வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மூன்று எழுத்தைத் தட்டினாள். தட்டியவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி?”

“நதீம் உள்ள இருக்கான்.”

“வந்துட்டானா! எங்கிருந்து வந்திருக்கான் பாரு. பொம்மிடிதானா? வேற எங்கயாவது ஓடிட்டானா?”

அவள் அந்த வரியில் விரலை வைத்தாள். அந்தம்மா தொட்ட அதே இடம். “இது வெளி நம்பர் இல்லைங்க்கா” என்றாள். குரல் கிசுகிசுவென்று வந்தது. “இது நம்ம லேப் நம்பரு.”

எனக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. பிறகு திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பாதி மறைவில், மடியில் பையை வைத்துக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். எங்களைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் வருவதற்கு முன்பே வந்திருக்கிறான். நேராக வந்து “நான் வந்துட்டேன்” என்று சொல்ல வாய் வராமல், பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறான். அது போதும், வெண்மதி பார்த்துக்கொள்வாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் எழப் போனேன். வெண்மதி என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு அவனுக்கு ஒரு வரி எழுதினாள்: ‘அம்மி வர்ற நேரம். இருப்பியா?’

‘இருப்பேன்’ என்று வந்தது.

ஜுபைதா வந்தார். அன்று முனாப் பாயும் வந்தார், சில நாளாக அந்தம்மாவைத் தனியாக அனுப்பாமல் கூடவே வந்துகொண்டிருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கதவருகிலேயே நின்றுகொண்டார். ஜுபைதா சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, “இன்னிக்கு?” என்று கேட்டார்.

“இருக்கான்ம்மா.”

“எங்கிருந்து?”

வெண்மதி இந்த முறை திரையைத் திருப்பவில்லை. அந்தம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திருப்பினாள்.

நதீம் எழுந்து நின்றான். ஜுபைதா எப்படி அந்த வரிசைகளைத் தாண்டிப் போனார் என்று நான் பார்க்கவில்லை, என் கண் மறைத்துவிட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தபோது மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். முனாப் பாய் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தார். என் மூஞ்சில முழிக்காதே என்று சொன்ன வாய்க்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மகனின் தோளைத் தொட்டார். சட்டைக் காலரைச் சரி செய்தார்.

“பெங்களூர்ல குளிரு சாஸ்தியாச்சேடா” என்றார். “ராத்திரிக்குப் போத்திக்க ஏதாவது இருந்துச்சா?”

நதீம் நிமிர்ந்து வெண்மதியைப் பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஜுபைதாவும் ஒன்றும் சொல்லவில்லை. நானா, பேசாமல் இருக்கத் தெரியாத நான்கூட, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“ஆமாப்பா, குளிருதான்” என்றான் நதீம். “இருந்துச்சுப்பா.”